வழித்துணைக் கருவி

நாவலூரிலிருந்து கீழக்கரைக்குக் குடும்பத்தோடு காரில் புறப்படுமுன், கிராஅத்தும் இசைமுரசு நாகூர் ஹனிபா அவர்களின் பாடல்களும் கேட்க ஒரு கையடக்கக் கருவி தேடினோம்.

1979-இல் வந்த வாக்மேனில் ஒலிநாடா நிறுத்திய இடத்திலேயே நின்று, அங்கிருந்தே தொடர்ந்தது. பின்வந்த கருவிகளோ வரிசையைக் கலைத்துப் போட்டும் ஒலிக்கவல்லவை. பாட்டுக்கு அது பொருந்தும். 114 அத்தியாயங்களும் முறையாய் அமைந்த திருமறைக்குப் பொருந்துமா? ஆகவே, விட்ட இடத்தை நினைவில் வைப்பதும், பாராமலே விரலால் தடவி அழுத்தத்தக்க பொத்தான்கள் உடையதுமான கருவியையே தேர்ந்தோம். ஓட்டுபவரின் கண் சாலையை விட்டு அகலுதல் உயிருக்கே இடரன்றோ?

திருமறை ஓதப்படுகையில் செவிதாழ்த்தி மௌனமாயிருக்குமாறு அல்அஃராஃப் 204ஆம் வசனம் பணிக்கிறது. வண்டியில் பேச்சு எழுந்தால் ஓதலை நிறுத்திவிடுவதே அதற்குச் செய்யும் கண்ணியம். அந்தப் பொத்தானும் கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும், அன்பர்களே!