முகம் பார்த்துக் கேட்டவன்

பால் ராப்சன் பாடிய 'ஓல் மேன் ரிவர்' இசைத்தட்டைக் கேட்டுக் கண் கலங்கினேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். சுத்தப் பொய். எனக்குப் பிடித்தது அதே பாட்டின் இன்னொரு தட்டு. அதை வெளியே சொல்ல வெட்கம்.

ஜெரோம் கெர்ன் இசையமைக்க, ஆஸ்கர் ஹாமர்ஸ்டீன் எழுதிய 'ஷோ போட்' நாடகம் 1927 டிசம்பர் 27 அன்று நியூயார்க்கில் மேடையேறியது. அதில் ஜோ என்ற கறுப்பினத் தொழிலாளி பாடும் பாட்டு இது. உடம்பு நோக உழைக்கிறவனைக் கண்டுகொள்ளாமல் மிசிசிப்பி ஆறு தன்பாட்டுக்கு ஓடுகிறதே என்ற ஆற்றாமை. அடுத்த மாதமே பால் வைட்மன் தன் வாத்தியக் குழுவோடு இதைப் பதிவு செய்தார். அதுவும் எப்படி? ஜோடி ஜோடியாக ஆடுவதற்குத் தோதான ஃபாக்ஸ் ட்ராட் வேகத்தில்! பாடியவர் 24 வயது பிங் கிராஸ்பி. மார்ச்சில் அதே வைட்மன், ராப்சனை வைத்து நிதானமாக இன்னொரு முறை பதிவு செய்தார்.

பழைய தட்டு கேட்கும் எங்கள் சிறு வட்டத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் போடுவோம். கிராஸ்பி தட்டு ஓட ஆரம்பித்ததும் சிரிப்பு கிளம்பும். "மூட்டை தூக்குறவன் பாட்டா சார் இது, மாப்பிள்ளை ஊர்வலமா?" என்றார் ஒருவர். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். மேசைக்கு அடியில் என் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பிக்ஸ் பைடர்பெக் கார்னெட் வாசித்த குழு அது. கால் சும்மா இருக்குமா?

ராப்சன் குரல் வந்ததும் அறை அடங்கிவிடும். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நான் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்: யார் எந்த இடத்தில் தலையசைக்கிறார், எங்கே பெருமூச்சு விடுகிறார் என்று. அடுத்த முறை அந்தந்த இடத்தில் நானும் கண்ணை மூடிக்கொள்வேன். பாட்டு எங்கே காதில் விழுந்தது?

எழுத உட்கார்ந்தபோது செய்தது இன்னும் மோசம். பிற்காலத்தில் ராப்சன் மேடைகளில் இந்தப் பாட்டின் சொற்களை மாற்றினார்; சோர்ந்துபோன மனிதனைப் போராடுகிறவனாக்கினார். 1950இல் அமெரிக்க அரசு அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்தது. 1958 வரை திருப்பித் தரவில்லை. இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. 1928 தட்டில் இந்தப் போராட்டச் சொற்கள் கிடையாது. இருந்தும் அவருடைய பிற்கால வாழ்க்கையை அந்தத் தட்டின் மேல் ஏற்றி வைத்து, 'கேட்டேன், உருகினேன்' என்று எழுதினேன். படித்தவர்கள் பாராட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

வட்டத்துக்குப் புதிதாக வந்த கல்லூரிப் பையன் ஒருவன், "எனக்கு அந்த வேகமானதுதான் சார் பிடிச்சிருக்கு" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அடிமை முறையிலிருந்து தொடங்கி அவனுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். ஒருவனுடைய துயரத்துக்கு ஆடுகிற கூட்டத்தோடு சேராதே என்றுகூடச் சொன்னேன். பையன் முகம் சுருங்கிப்போனது. அதன் பிறகு எந்தப் பாட்டைப் பற்றியும் அவன் வாய் திறக்கவில்லை. ராப்சனைப் பிடிக்க வேண்டும் என்பதற்கு ஆயிரம் நியாயம் இருக்கிறது. பிடித்ததாக நடிக்க ஒன்றுகூட இல்லை.

தம்பி, இதை நீ படித்தால் தெரிந்துகொள்: அன்றைக்கு நானும் உன் கட்சிதான்.