தாகத்தோடு பார்த்த கோடிக்கரை

வெளியூர் கிளம்புவதென்றால் எனக்கு ஒரு பழக்கம். புளியோதரை, தயிர் சாதம், முறுக்கு என்று மற்றவர்களுக்கு மூட்டை மூட்டையாகக் கட்டுவேன். எனக்கு மட்டும் விடியற்காலையில் அரை டம்ளர் காபி. அதன் பிறகு வீடு திரும்பும் வரை தண்ணீரைத் தொடமாட்டேன். வழியில் எங்கே போய் ஒதுங்குவது என்ற பயம்தான். உங்களில் பலருக்கும் இந்தப் பழக்கம் இருக்குமே!

சென்ற தை மாதம் எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேர் வேன் வைத்துக்கொண்டு கோடிக்கரைக்குப் போனோம். கல்லூரியில் படிக்கும் என் பெண்ணும் கூட வந்தாள். வேதாரண்யம் தாண்டிச் சுமார் 10 கிலோமீட்டர். 1967-ல் சரணாலயமான இடம். உள்ளூர்த் தம்பி ஒருவர் வழிகாட்டியாக வந்தார்.

புல்வெளியில் வெளிமான்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகுமாக நின்றது கலை. இளம் பழுப்பு நிறத்தில், கொம்பில்லாமல் இருந்தவை பெண் மான்களாம். "சத்தம் போடாதீங்க அக்கா, ஓடிடும்" என்றார் தம்பி. எட்டுப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு நின்றது அன்றைய முதல் அதிசயம்! கொஞ்ச தூரத்தில் காட்டுக் குதிரைகளும் தென்பட்டன. எப்போதோ மனிதர்கள் வளர்த்துக் கைவிட்ட குதிரைகளின் வம்சமாம். 2018-ல் அடித்த கஜா புயலில் விழுந்த மரங்களைப் பற்றியும் சொன்னார்.

"சுத்தி உப்புத் தண்ணி. கோடையில நல்ல தண்ணிக்கு மானெல்லாம் ரொம்பத் தவிக்கும். தொட்டி கட்டி வனத்துறையில தண்ணி ஊத்துவாங்க" என்றார். 'ஐயோ பாவம்' என்று உச்சுக் கொட்டினேன். அப்போது என் தொண்டையும் வறண்டுதான் கிடந்தது.

பிறகு ராமர் பாதம். மணல் மேட்டின் மேல் சிறு மண்டபம். உள்ளே கல்லில் இரண்டு பாதங்கள். ஏறிக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடி வயிற்றில் சுருக்கென்று வலி வேறு. போன வருஷம் நீர்க்கடுப்பு வந்து பட்ட பாடு ஞாபகம் வந்தது. "தண்ணீர் குறைவாகக் குடிப்பதும், அடக்கி வைப்பதும்தான் உங்களுக்கு எதிரி" என்று டாக்டரம்மா அப்போதே சொல்லியிருந்தார்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள் என் பெண். மூடிகூடத் திறக்கப்படாத பாட்டில்!

"நீ குடிக்கலையாடி?"

"நீதானேம்மா சொல்லுவே, வெளியே போனா தண்ணி குடிக்காதேன்னு. காலேஜ்லயும் சாயங்காலம் வரைக்கும் குடிக்க மாட்டேன்."

மயக்கத்தைவிட அந்த வார்த்தைதான் என்னை உலுக்கியது. சமையல் கற்றுக்கொடுத்தேன், கோலம் கற்றுக்கொடுத்தேன். கூடவே இதையும் அல்லவா கற்றுக்கொடுத்திருக்கிறேன்!

விஷயம் புரிந்ததோ என்னவோ, தம்பி எங்களை ஊருக்குள் தன் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனார். அந்த அம்மாள் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு, ஒரு செம்பு நிறைய மோரும் கொடுத்தார். கூச்சத்தோடு நன்றி சொன்னேன். "இதுக்கு என்னம்மா வெக்கம்? வாய் விட்டுக் கேட்டா எந்தப் பொம்பளை இல்லேன்னு சொல்லுவா?" என்று சிரித்தார். எட்டுப் பேரும் வரிசையாகப் போய்விட்டு வந்தோம். அத்தனை பேரும் அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்!

சாயங்காலம் சதுப்பு நிலத்தில் பூநாரைகளைப் பார்த்தோம். வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, பாசியையும் சின்னஞ்சிறு இறால் வகைகளையும் அரித்துத் தின்கின்றன. அந்த இரையால்தான் அவற்றுக்கு இளஞ்சிவப்பு நிறமே வருகிறதாம். உண்பது உடம்பில் தெரியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? என் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையிலிருந்த பாட்டில் பாதி காலியாகியிருந்தது.

இப்போதெல்லாம் எங்கே கிளம்பினாலும், வழியில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொல்கிறேன். டிரைவர் முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும். கோடிக்கரை போகிற சகோதரிகளே, கார்த்திகை முதல் தை வரை பறவைகளுக்கு நல்ல பருவம். தொப்பியும் பைனாகுலரும் மறந்தாலும் பரவாயில்லை, தண்ணீரை மறக்காதீர்கள். எடுத்துப் போனால் மட்டும் போதாது, குடிக்கவும் வேண்டும்!