முகம் பார்த்துச் சொல்வது

அச்சம், நாணம், மடம் மூன்றையும் பெண்ணுக்கு உரியவை என்கிறது தொல்காப்பியம். ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற நூற்பாதான். என் சித்தி மகளை மனநல மருத்துவரிடம் அழைத்துப்போன பிறகு அதை முன்போல நடத்த முடியவில்லை. பேச்சு குறைவது, முகத்தில் உணர்ச்சி தெரியாமல் போவது, எதிலும் நாட்டமில்லாமல் ஒதுங்கியிருப்பது எல்லாம் மனச்சிதைவின் அறிகுறிகள் என்றார் மருத்துவர். வீட்டில் இரண்டு வருடமாக அதற்கு வைத்திருந்த பெயர், "அடக்கமான பொண்ணு." அவள் அண்ணன் இப்படிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் ஒரே மாதத்தில் டாக்டரைத் தேடியிருப்பார்கள்.

காதில் கேட்ட குரல்களை மாத்திரை அடக்கியது. அவள் குரலை அது மீட்டுத் தரவில்லை. அதற்காகத்தான் வாரம் ஒருமுறை குழுப் பயிற்சி. எட்டுப் பேர் வட்டமாக உட்கார்வார்கள். ஒரு திறனைச் சிறுசிறு படிகளாகப் பிரித்துப் பயிற்சியாளர் நடித்துக் காட்டுவார். பிறகு ஒவ்வொருவராக நடிப்பார்கள். நன்றாக வந்ததை முதலில் சொல்லிவிட்டுத்தான் திருத்தம் சொல்வார். முடிவில் வீட்டுப்பாடம். "நாடகம் போடச் சொல்றாங்க" என்று சித்தி சலித்துக்கொண்டார்.

அமெரிக்காவில் 1970களிலிருந்து ராபர்ட் லிபர்மன் போன்றவர்கள் வளர்த்தெடுத்த முறை இது. எல்லோரும் ஏற்றுக்கொண்டதல்ல. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2014 வழிகாட்டுதலில், இதைத் தனிச் சிகிச்சையாக வழக்கமாகத் தர வேண்டாம் என்றது. அறையில் கற்றது வெளியே கைகொடுக்குமா என்பது இந்த முறைமீது நெடுநாளாக உள்ள சந்தேகம். என் சந்தேகம் வேறு. கைகொடுத்தால் வீடு பொறுத்துக்கொள்ளுமா?

முதல் வீட்டுப்பாடம், மளிகைக் கடையில் மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்குவது. மூன்றாம் முறை போனபோது கேட்டுவிட்டாள். அன்று சித்தி கேசரி கிண்டினார்.

அடுத்தது மறுத்துச் சொல்வது. முகத்தைப் பார்க்க வேண்டும், நிதானமான குரலில் முடியாது என்று சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் காரணம் சொல்ல வேண்டும். இரவு பத்து மணிக்குத் தோசை கேட்ட அண்ணனிடம் அவள் அப்படியே செய்திருக்கிறாள்: "இப்ப முடியாதுண்ணா. மாத்திரை போட்டாச்சு, தூக்கம் வருது."

சித்தி போனில் அழுதார். "மறுபடி ஆரம்பிச்சிடுச்சுடி. டோஸைக் கூட்டச் சொல்லணும்."

"கத்தினாளா?"

"இல்ல."

"எதையாவது தூக்கிப் போட்டாளா?"

"அதெல்லாம் இல்ல. மூஞ்சியப் பாத்துச் சொல்றாடி."

மருத்துவர் டோஸைக் கூட்டவில்லை. அம்மாவும் அண்ணனும் ஒருநாள் பயிற்சிக்கு வரட்டும் என்றார். அண்ணனுக்கு நேரமில்லை. சித்தி மட்டும் வந்தார். அவருக்கு மகள் வேடம். எதிரே ஒருவர் அண்ணனாகத் தோசை கேட்க, சித்தி முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துச் சிரித்தார். வார்த்தை வரவில்லை. என் தங்கைதான் பக்கத்தில் நின்று படிகளைச் சொல்லிக்கொடுத்தாள்: "மொதல்ல அவரப் பாரும்மா."