பிவா ஏரியும் பிளாஸ்ரிக் புழுவும்

பிவா என்பது யப்பானியரின் பழைய நரம்பிசைக் கருவி ஒன்றின் பெயர். குடம் அகன்று கழுத்து ஒடுங்கிய அக்கருவி நமது வீணைக்குத் தூரத்து உறவு போலத் தோன்றும். யப்பானின் மிகப் பெரிய ஏரி நிலப்படத்திலே அதே வடிவாய் அமைந்திருப்பதால் அதற்கும் அப்பெயரே வாய்த்தது என்பர். வடபகுதி அகன்று ஆழ்ந்த குடம். தென்பகுதி ஒடுங்கி ஆழங்குறைந்த கழுத்து. இரண்டும் சந்திக்குமிடத்தில் 1964 ஆம் ஆண்டிலே திறந்த நெடும்பாலம் ஒன்று நிற்கின்றது. ஏரியின் பரப்பு ஏறக்குறைய 670 சதுர கிலோமீற்றர். வடக்கே ஆழம் 100 மீற்றரையும் கடக்கும். தெற்கேயோ சராசரி 4 மீற்றர் மாத்திரமே. வடபகுதியில் உள்ள சிக்குபு என்னும் சிறு தீவிலே பென்சாய்தென் என்ற பெயரோடு கோயில் கொண்டிருப்பவள், பௌத்த நூல்களோடு பாரதத்திலிருந்து சென்ற நம் கலைமகளே. நான் அங்கே சென்றதும் நவராத்திரிக் காலத்தில்தான். ஆயினும் என் பயணம் அத்தீவுக்கன்று. மீன் பிடிப்பதற்காகத் தென்கரைக்குப் போனேன் என்பதைச் சிறிது கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

2024 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றின் பொருட்டுக் கியோத்தோ நகருக்குச் சென்றிருந்தேன். என்னிடம் உயர்தர வகுப்பிலே பௌதிகம் படித்த மாணவர் ஒருவர் அங்கே பொறியியலாளராக இருக்கிறார். எஞ்சிய இரண்டு நாளிலும் எந்தக் கோயிலைப் பார்க்க விருப்பம் என்று அவர் கேட்டார். மீன் பிடிக்க இடமுண்டோ என்று நான் கேட்டேன். சிறுவயதிலே விடுமுறைக்கு வன்னியிலுள்ள தாய்மாமன் வீடு சென்று, தங்கூசியும் மண்புழுவுமாகக் குளக்கட்டிலே குந்தியிருந்த பழக்கம் நாற்பது வயது கடந்தும் என்னை விட்டபாடில்லை. விரத நாளாயிற்றே என்ற எண்ணமும் எழாமலில்லை. ஆனால், அமெரிக்காவிலே 1972 ஆம் ஆண்டில் ரே ஸ்கொட் என்பவர் பாஸ் மீன் போட்டிகளிலே பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடும் வழக்கத்தைப் புகுத்தினார் என்று முன்னர் படித்திருந்தேன். பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவதுதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

பாஸ் என்று பொதுப்படக் கூறினும், நம் களப்புகளிலே படும் கொடுவாவுக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. இது வட அமெரிக்க நன்னீர்களுக்கு உரிய பெருவாய் பாஸ். பெயருக்கேற்ப, வாயை மூடியிருக்கும்போதும் அதன் மேல்தாடையின் முனை கண்ணைக் கடந்து பின்னே நிற்கும். முதுகு பச்சை, விலாவின் நடுவே கருங்கோடு ஒன்று ஓடும். இரையைத் தேடித் திரியும் உழைப்பாளியன்று இது. மரக்கட்டை, பாறை, பூண்டுத்திரள், பாலத்தூண் என நிழலுள்ள ஓரிடத்திலே பதுங்கியிருந்து, அருகே வந்ததை நீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். விராலை அறிந்தவர்க்கு இக்குணம் புதிதன்று. கண்ணினால் மாத்திரமன்றி, விலாவிலுள்ள உணர்கோட்டினாலும் நீரின் அதிர்வை அறியும். பதுங்குமிடம், அதிர்வு என்னும் இவ்விரண்டையும் மனத்திற் கொண்டால், பாஸ் தூண்டிற்காரர் சுமந்து திரியும் பெட்டியிலுள்ள பொருள்களுக்கெல்லாம் காரணம் விளங்கிவிடும்.

கியோத்தோவிலிருந்து புகையிரதத்திலே பத்து நிமிடத்தில் ஓட்சு நகர். அங்கே தூண்டிற் பொருள் விற்கும் கடையொன்றிற்கு மாணவர் என்னை அழைத்துச் சென்றார். சுவர் முழுவதும் பொய்யிரைகள். நம் ஊர்த் தேர்த்திருவிழாவிலே காப்புக்கடை விரித்தாற்போல நிறம் நிறமாய்த் தொங்கின. எதைத் தொடுவது, எதை விடுவது? கடைக்காரர் எழுபது வயது மதிக்கத்தக்கவர். எவ்வளவு பெரிய மீன் வேண்டும் என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டவை வேறு. எங்கே நிற்கப் போகிறீர்கள்? அங்கே நீர் தெளிவோ கலங்கலோ? அடியிலே கிடப்பது கல்லோ, பூண்டோ? மாணவர் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, மீனைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லையே என்று வியந்தேன்.

தென்பகுதியிலே பூண்டுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றது. 1994 ஆம் ஆண்டின் கடும் வரட்சியிலே ஏரிமட்டம் வழக்கமான அளவிலிருந்து 123 சென்ரிமீற்றர் இறங்கியது. ஆழங்குறைந்த நீரினூடே வெயில் அடிமட்டத்தைத் தொட்டது. அதன் பின் நீர்ப்பூண்டு தென்பகுதியெங்கும் பரவிற்று. அதனை அறுத்து அகற்றுவதற்கென்றே ஷிகா மாகாண நிருவாகம் படகுகளை விடுகின்றது. இத்தகைய நீரிலே மூன்று முள் ஒருங்கே தொங்கும் அழகிய மரமீன் எதற்கு உதவும்? எறிந்த ஒவ்வொரு முறையும் கீரைக்கட்டு ஒன்றைத்தான் இழுத்து வரும்.

ஆகவே அவர் எனக்கு எடுத்துத் தந்தது ஏறக்குறைய ஏழடி நீளமான விறைத்த தடி. பூண்டினுள்ளே முள் கொளுவவேண்டுமாயின் தடி விறைப்பாக இருத்தல் வேண்டும். வளைந்து கொடுக்கும் தடி, நீரினூடே ஓடிவரும் மரமீன்களுக்கு உரியது. மெல்லிய முள்ளை மீன் கவ்வும்போது விறைத்த தடியால் வெட்டி இழுத்தால் வாய் கிழிந்து மீன் தப்பிவிடுமாம். றீலும் இருவகை. தடிக்குக் கீழே தொங்குவது பழகுதற்கு எளிது. மெல்லிய நூலுக்கும் சிறிய இரைக்கும் ஏற்றது. தடியின் மேலே அமர்வது தடித்த நூலுக்கும் பாரமான இரைக்கும் உரியது. ஆனால் எறியும்போது சுழலும் உருளையைப் பெருவிரலால் தடவி அடக்கத் தெரிந்திருக்கவேண்டும். இரண்டாவதையே கேட்டு வாங்கி, மறுநாட் காலை அதன் பயனை நன்றாக அனுபவித்தேன். அந்த றீலைச் செய்த ஷிமானோ நிறுவனம், சாக்காய் நகரிலே 1921 இல் தொடங்கித் துவிச்சக்கர வண்டிப் பாகங்கள் செய்துவந்த பட்டறை என்று மாணவர் சொன்னார். பற்சில்லும் உருளையும் உறவினர்தாமே.

நூலைப் பற்றிய பேச்சு வந்தபோது நானும் மாணவரும் எங்கள் பழைய வகுப்பறைக்கே திரும்பிவிட்டோம். நைலோன் இழுபடும், விலையும் குறைவு. பின்னல் நூல் மிக வலியது, சற்றும் இழுபடாது, பூண்டை அறுத்துக்கொண்டு வரும். ஆனால் மிதக்கும், கண்ணுக்கும் தெரியும். புளோரோகாபன் அமிழும், தெளிந்த நீரிலே எளிதிற் புலப்படாது. ஏன்? நீரின் முறிவுச்சுட்டி 1.33, இந்நூலினது ஏறக்குறைய 1.42, நைலோனினது 1.5 இற்கும் மேல். ஒளி எவ்வளவு குறைவாக முறிகின்றதோ அவ்வளவுக்கு நூல் மறைகின்றது. மாணவர் இதனைத் தடுமாறாது சொல்லி முடித்தபோது, மீன் படாவிடினும் வந்த காரியம் முடிந்தது என்று எண்ணினேன். கடைக்காரரோ முறிவுச்சுட்டியைப் பொருட்படுத்தாமல் 16 இறாத்தல் தாங்கும் புளோரோகாபன் நூலைச் சுற்றத் தொடங்கிவிட்டார்.

இனிப் பொய்யிரை. விடியலிலும் மாலையிலும் நீரின் மேலே சளசளக்கும் மிதப்பிரை. காற்றடித்து நீர் கலங்கினால், சிறு தகடுகள் சுழன்று மின்னி அதிர்வெழுப்பும் இரை. கல்லும் மணலுமான அடியாயின், முகத்திலே அலகு பொருத்திய மரமீன். அலகு நீண்டால் ஆழ ஓடும், குறுகினால் மேலோடும். நிறத்திற்கு அவர் அதிக மதிப்பளிக்கவில்லை. தெளிந்த நீருக்கு இயற்கை நிறம், கலங்கல் நீருக்குக் கருமை அல்லது பளிச்சென்ற நிறம், அவ்வளவே என்றார். சுவரிலுள்ள ஏனைய நிறங்கள் மீனைப் பிடிப்பதற்கல்ல, மனிதரைப் பிடிப்பதற்கு என்று சிரித்தார். அவ்வேளையில் என் கண் றப்பர்த் தவளை ஒன்றின் மேல் விழுந்தது. இரு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி வளைந்திருந்தமையால் பூண்டின்மேல் இழுத்தாலும் சிக்காது. விராலுக்கு உயிர்த் தவளைக்குஞ்சைக் கோத்துக் குளத்துத் தாமரையிலைகளின்மேல் துள்ளவிடுவார் என் மாமன். ஏழு கடல் கடந்து வந்து மாமனின் தவளையைக் கண்டேன். விலை பாராமல் வாங்கிக்கொண்டேன்.

எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது ரெக்சாஸ் கட்டு என்னும் முறையே. துப்பாக்கிக் குண்டு போலக் கூர்நுனி கொண்ட ஈயமொன்றை நூலிலே கோக்கிறார்கள். அது நூலின் மேல் தாராளமாக வழுகும். அதன்கீழ், கழுத்திலே படி போல் வளைந்த முள் ஒன்று. மென்பிளாஸ்ரிக் புழுவின் தலையினூடே முள்ளைச் செலுத்தி வெளியே எடுத்து, திருப்பி, முள்ளின் நுனியை மீண்டும் புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்து மறைத்துவிடுகிறார்கள். வெளியே கூர் இல்லை. ஆகவே எத்தகைய பூண்டினுள்ளும் பாம்பு போலப் புகுந்து வரும். மீன் கவ்வி இறுக்கும்போது மென்புழு ஒடுங்க, முள் வெளிப்படுகின்றது. ஈயம் நூலில் வழுகுவதனால் மீனுக்குப் பாரம் தெரிவதில்லை. ஈயத்தைப் புழுவிற்கு முழம் இரண்டு மேலே நிறுத்திச் சுழல்வளையம் இட்டால் அது கரோலைனா கட்டு; பூண்டற்ற பரந்த அடியைத் துழாவுவதற்கு உரியது. ஈயத்தை நூலின் அந்தத்திலே கட்டி, முள்ளை அதற்கு ஒரு சாண் மேலே கட்டினாலோ புழு அடிமட்டத்தைத் தொடாது ஓரிடத்திலேயே நின்று நடுங்கும். பசியற்ற மீனையும் சீண்டும். முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைக்குமாறு அவர் எனக்கு இருமுறை கூறினார். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வின் வெம்மையால் நூல் வலிமை குன்றிவிடும். என் மாமனும் நனைத்துத்தான் இறுக்குவார். காரணம் கேட்டால் அடிக்க வருவார்.

மறுநாள் விடியற்காலை ஓட்சு நகரின் ஏரிக்கரைப் பூங்காவிலே நின்றோம். நீரின்மேல் மெல்லிய புகார். முதலிற் தவளையை எறிந்தேன். பூண்டோரத்திலே ஒரு பெருஞ்சளசளப்பு. பதறி உடனே இழுத்தேன். தவளை வெறுமையாய் வந்து என் நெஞ்சிலே மோதியது. பின்னர் ரெக்சாஸ் கட்டு. பெருவிரல் தாமதிக்க, உருளை தறிகெட்டுச் சுழன்று, குருவிக்கூடு ஒன்று என் கையில் இருந்தது. அதனைப் பிரிக்க முக்கால் மணிநேரம் சென்றது. 'சேர், நான் பிரிக்கட்டுமோ?' என்று மாணவர் இருமுறை கேட்டார். ஆசிரியனுக்குரிய வீம்பு விடவில்லை.

சூரியன் எழுந்து சிறிது நேரத்தின்பின் பூண்டின் விளிம்பிலே புழுவை இறக்கி, தடியின் நுனியை மெல்ல உயர்த்தித் தாழ்த்திக்கொண்டிருந்தேன். நூலிலே 'டிக்' என்று ஒரு சிறு தட்டு. அடுத்த கணம் நூல் தானே பக்கவாட்டில் நகர்ந்தது. வெட்டி இழுத்தேன். விறைத்த தடி வளைந்தது. மீன் நீருக்கு மேலே எழும்பித் தலையை உதறிற்று. அதன் அகன்ற வாயை அப்பொழுதுதான் கண்டேன். கரைக்கு இழுத்துக் கீழ்த்தாடையைப் பெருவிரலாற் பற்றினேன். பற்கள் அரத்தாள் போலச் சொரசொரத்தன. நீளம் ஒரு முழத்திற்குச் சற்றுக் குறைவு. முள்ளைக் கழற்றி, கண்ணாரப் பார்த்து, நீரிலே விடுவதற்காகக் குனிந்தேன்.

'சேர், விடக்கூடாது' என்றார் மாணவர்.

நான் அறிந்திருப்பேன் என்று அவர் எண்ணியிருக்கிறார். 2003 ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் ஷிகா மாகாணச் சட்டப்படி பிவா ஏரியிலே பிடித்த பாஸ் மீனைத் திரும்ப விடுதல் தடை. 2005 இல் நடைமுறைக்கு வந்த நாட்டுச் சட்டப்படி அனுமதியின்றி அதனை உயிரோடு கொண்டு செல்லவோ வளர்க்கவோ இயலாது. பூங்காவின் ஓரத்திலே, அஞ்சற்பெட்டியைப் பெரிதாக்கினாற்போல ஒரு பெட்டி நின்றது. பிறநாட்டு மீன்களை அதனுள்ளே இடவேண்டும்.

அக்காபோஷி தெட்சுமா என்னும் வணிகர் 1925 இல் அமெரிக்காவிலிருந்து இம்மீனைக் கொண்டுவந்து, ஹக்கோனே மலையிலுள்ள அஷி ஏரியில் விட்டார். உணவுக்கும் விளையாட்டுக்கும் உதவும் என்பது அவர் எண்ணம். பிவா ஏரியிலே 1974 இல் இது காணப்பட்டது, பத்தாண்டுக்குள் பெருகிவிட்டது. இதனோடு இணைத்துப் பேசப்படும் புளூகில் என்னும் சிறுமீனை 1960 இல் சிக்காகோவிலிருந்து கொண்டுவந்தவர் அன்றைய இளவரசர் அக்கிஹித்தோ. 2007 இல் சக்கரவர்த்தியாக இவ்வேரிக்கரைக்கு வந்தபோது, அதன் விளைவை எண்ணி மனம் நோவதாக அவர் பலரறியச் சொன்னார். இவ்வேரிக்கே உரிய நிகோரோபுனா என்னும் கெண்டையினம் மிகவும் அருகிவிட்டது. அதனை உப்பிட்டு, சோற்றோடு அடுக்கி, மாதக்கணக்காய்ப் புளிக்கவைத்துச் செய்யும் புனாசூஷி இப்பகுதியின் பழம்பெரும் உணவு. பழியெல்லாம் பாஸ் மீன்மேலதன்று. நாணற்காடுகள் அழிந்தமையும், கரைகளைச் சீமெந்தாலே கட்டியமையும், முட்டையிட வயலுக்கு ஏறிவந்த மீனுக்கு வழி அடைபட்டமையும் சேர்ந்தே அதனைக் குறைத்தன. நம் நாட்டுக் குளங்களிலும் 1952 இல் ஆபிரிக்கத் திலாப்பியாவை விட்டார்கள். அதனால் வயிறு நிறைந்தவர்களில் நானும் ஒருவன்; ஆகவே பிறர் செய்கையை விரைந்து தீர்ப்பிட எனக்கு வாய் வரவில்லை.

மீன் கையிலே செவுளை விரித்து மூடிக்கொண்டிருந்தது. பெட்டிவரை நடப்பதற்கு ஐம்பது அடி இருக்கும். மாணவர் தாம் கொண்டுபோவதாகக் கை நீட்டினார். பிடித்தவன் நான் என்று சொல்லி நானே கொண்டுபோய் இட்டேன். மூடி விழுந்த ஓசைக்குப் பின்னும் உள்ளே சிறிது நேரம் அடித்துக்கொண்டது. அதன்பிறகு அன்று நான் தடியைத் தொடவில்லை.

தடியைத் திருப்பிக் கொடுப்பதற்குக் கடைக்குச் சென்றபோது, எந்த இரையிற் பட்டது, எத்தனை மணிக்கு, பூண்டின் எந்தப் பக்கம் என்று கடைக்காரர் கேட்டுச் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இம்மீனை உலகிலேயே பெரிதாய்ப் பிடித்தவர்கள் இருவர் என்றார். 1932 இல் ஜோர்ஜியா மாநிலத்திலே ஜோர்ஜ் பெரி என்னும் இளைஞர் 22 இறாத்தல் 4 அவுன்சு மீனொன்றைப் பிடித்து, நிறுத்துப் பார்த்தபின் வீட்டிலே சமைத்து உண்டுவிட்டார். எழுபத்தேழு ஆண்டு கழித்து, 2009 ஆம் ஆண்டு யூலை 2 ஆம் திகதி, குரித்தா மனாபு என்பவர் இதே பிவா ஏரியிலே, உயிருள்ள புளூகிலை இரையாக இட்டு அதனை ஒத்ததைப் பிடித்தார். ஓர் அவுன்சுக்குச் சற்றுக் குறைவாகவே கூடியிருந்தது. விதிப்படி இரண்டு அவுன்சு கூடினாலன்றிச் சாதனை முறியாது. ஆதலால் இருவர் பெயரும் சமமாய் நிற்கின்றன. வேற்றுநாட்டு மீனை வேற்றுநாட்டு மீனே பிடித்துக் கொடுத்த விந்தையைச் சொல்லி அவர் தலையை ஆட்டினார்.

தம் தந்தையார் இவ்வேரியிலே வலைவீசி நிகோரோபுனா பிடித்தவர் என்றும் சொன்னார். 'தந்தையின் வலையை வெறுமையாக்கிய மீன் இது. என் பிள்ளைகள் இருவரையும் படிப்பித்ததும் இதுதான்.' இதனை மொழிபெயர்க்கும்போது மாணவரின் குரல் சற்றுத் தாழ்ந்தது. கடைக்காரரோ உரத்தே சொல்லிவிட்டு, அறுந்த நூற்றுண்டுகளையும் கிழிந்த புழுக்களையும் ஏரியில் எறியாமல் கொண்டு வந்தீர்களா என்று கேட்டுத் தம் குப்பைக் கூடையை நீட்டினார்.

றப்பர்த் தவளை மாத்திரம் என்னோடு ஊர் வந்தது. மாமன் இப்போது இல்லை. அவருடைய பேரன் அதனை வாங்கிக்கொண்டு போய், தாமரை மண்டிய குளத்திலே எறிந்திருக்கிறான். அடுத்த வாரம் கொண்டுவந்து காட்டினான். தவளையின் இடக்காலைக் காணவில்லை. விராலும் தப்பிவிட்டதாம். முடிச்சை நனைத்து இறுக்கினாயா என்று கேட்டேன். மறந்துவிட்டேன் மாமா என்றான்.