பரண் மேல ஏறின கீபோர்டு

எங்க ஊர் பஜனை மடத்துல ஒரு பழைய ஆர்மோனியம் இருக்கு. மார்கழிக்குத்தான் வெளியே வரும். ரெண்டு வருஷம் முன்னாடி பெரியவர் ஒருத்தர் என் தம்பி மகளுக்கு அதுல சுதி போடக் கத்துக்கொடுத்தார். அப்ப அவ எட்டாவது.

ஆர்மோனியம் பார்க்க லேசாத் தெரியும். இடது கை துருத்தியை ஆட்டணும், வலது கை கட்டையில ஓடணும். உள்ளே போற காத்து பித்தளை ரீடை அதிர வச்சுத்தான் சத்தம் வருது. வேகமா ஆட்டினா கத்தும், விட்டா மூச்சு நின்னுரும்.

மார்கழி முடிஞ்சும் இவ விடல. மடத்துச் சாவியை வாங்கிட்டுப் போயிருவா. மினி பஸ் ஹாரன், கோயில் மைக்குல வர்ற பாட்டு, எதைக் கேட்டாலும் கட்டையில தேடிப் பிடிப்பா. யாரும் "போய் வாசி"ன்னு சொன்னதே இல்லை.

கடலை வித்த காசுல தம்பி ஒரு பழைய கீபோர்டு வாங்கிக் கொடுத்தான். 61 கட்டை. பியானோவுக்கு 88 கட்டையாம், அவதான் சொன்னா. இதுல துருத்தி கிடையாது. ஆனாலும் முதல் வாரம் இடது கை பழக்கத்துல சும்மாவே ஆடிக்கிட்டு இருந்துச்சு! அப்புறம் செல்போன்ல பார்த்து ரெண்டு கையாலயும் வாசிக்கப் பழகிட்டா.

இந்த வருஷம் பத்தாவது. தம்பி கீபோர்டைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டான். புள்ள அழல. நோட்டு அட்டையில கட்டை வரைஞ்சு வச்சு, பாடம் படிச்சுக்கிட்டே விரலை ஓட்டிக்கிட்டு இருந்தா. திண்ணையில அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேக்கல.

"எல்லாரும் இளையராஜா ஆயிர முடியுமாண்ணே?"ன்னான் தம்பி.

அவரும் பண்ணைப்புரத்துல அண்ணன் பாவலர் வரதராசன் கச்சேரிக்கு ஆர்மோனியம் வாசிச்ச பையன்தான். மெட்ராஸ் போய் தன்ராஜ் மாஸ்டர்கிட்டதான் பியானோ கத்துக்கிட்டார். ஆனா நான் அதைச் சொல்லல. "இவ யாராவும் ஆக வேண்டாம்டா. நாத்து முத்திப்போனா நட்டும் தூர் கட்டாது. உனக்குத் தெரியாததா?"ன்னேன்.

ரெண்டு நாள் பேசாம இருந்தான். மூணாம் நாள் அவனே இறக்கி வச்சான். ராத்திரி எட்டுலேர்ந்து எட்டரை வரைக்கும்னு பேச்சு. இப்ப அந்த அரைமணிக்காகவே கணக்கை ஏழரைக்குள்ள முடிச்சுடறா.

உங்க வீட்டுலயும் பத்தாவது படிக்கிற புள்ள இருந்தா, பரண்ல என்ன ஏத்தி வச்சிருக்கீங்கன்னு ஒரு தடவை பாருங்க.