கூரில் ஒரு 'பைற்ஸ்' விலைக்கு வருகுது

சூரிச்சில் ரயில் ஏறினால் ஒண்டேகால் மணித்தியாலத்தில் கூர். ஆனால் நாங்கள் பெரும்பாலும் இந்த நகரத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளையளோட பனிக்குப் போறதெண்டால் ஸ்ரேசன் வாசலில் நிக்கிற சிவப்பு ரயிலில் மாறி அரோசாவுக்கு ஏறிவிடுவோம். அந்த ரயில் ட்ராம் மாதிரி தெருவால போகும். சின்னதுகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கார்களைப் பார்க்கிற அந்தச் சில நிமிடம்தான் எங்களுக்குத் தெரிந்த கூர்.

ஒருமுறை ஏறாமல் நடந்து பாருங்கோ. பழைய நகரத்தின் கல்லுப் பதித்த ஒழுங்கைகளைத் தாண்டி, ஒபர்ற்றோர் கோபுரவாசலால் வெளியே வந்து, பிளெசூர் ஆற்றைக் கடந்தால் வெல்ஷ்டோர்ஃப்லி வரும். 1464இல் நகரம் எரிந்தபிறகு திருப்பிக் கட்ட வந்த கைவினைஞர்களோட ஜேர்மன் மொழியும் உள்ளே வந்து குடியேறிவிட்டது. பழைய றோமான்ஷ் பேசின சனத்தின் ஞாபகம் இந்தக் கரையின் பெயரில் மிஞ்சியிருக்குது. அதற்கும் கீழே உரோமர் காலத்துச் சுவர்கள். அவற்றை மூடி பீற்றர் சும்தோர் 1986இல் கட்டின மரக்கூடுகளைப் பார்க்க உலகம் முழுவதிலும் இருந்து கட்டடக்கலை மாணவர்கள் வருவார்கள். பக்கத்திலேயே பார்கள், வரிசையாக. இரவில் தெருவில் குடிக்கிறதைத் தடைசெய்து 2008இல் சுவிஸ் முழுக்கப் பேசப்பட்ட நகரம் இது எண்டதை இங்கே வந்தால்தான் விளங்கும்.

சாப்பாடும் பியரும் சேர்ந்த இப்படியான கடையைச் சுவிஸ்காரர் 'பைற்ஸ்' எண்டு சொல்லுவினம். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை இங்கே ஒண்டை எடுக்க யோசிக்கிறார். எண்பதுகளின் கடைசியில் வந்தவர். அகதிக்கு அப்ப கிடைத்த வேலை குசினியில் கோப்பை கழுவுறதுதான். அதில் தொடங்கி, கப்பூன்ஸ் சுற்றவும் பார்லி சூப் காய்ச்சவும் இங்கத்தைய கிழவிமாரே மெச்சுற அளவுக்கு வந்துவிட்டார். எங்கட அப்பாமாரில் பாதிப்பேரின் கதை இதுதானே. டொச்சில் கடிதம் வாசிக்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எங்கட தலைமுறைக்கு அந்த உத்தியோகம் பத்து வயதில் கிடைத்தது, இன்னும் ஓய்வு இல்லை.

ஏன் இவ்வளவு கடைகள் கைமாறுது? கொரோனாவைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கவேணும். 2020 மார்ச் 16 பின்னேரம் அரசு அறிவித்தது, அடுத்த நாள் எல்லாக் கடையும் பூட்டு. மே 11 திறந்தது, ஒரு மேசைக்கு நாலு பேர், இடையில் இரண்டு மீற்றர். டிசம்பர் 22 சுவிஸ் முழுக்கத் திரும்பப் பூட்டு. கிரவுபுண்டன் மாநிலம் அதற்கு முந்தியே, அந்த மாதத் தொடக்கத்திலேயே பூட்டிவிட்டது. 2021 ஏப்ரல் 19இல் வெளி மேசைகளுக்கு அனுமதி. வெளியில் மேசை போட இடமில்லாத ஒடுக்கமான பாருக்கு அதால் என்ன பயன்? மே 31வரை காத்திருக்க வேண்டியதுதான். பூட்டிக் கிடந்த காலத்துக்கு வாடகையில் நாற்பது வீதம் மட்டும் கட்டினால் போதும் எண்டொரு சட்டம் வரப் பார்த்தது. 2020 டிசம்பரில் பாராளுமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

உதவியும் வந்தது, இல்லையெண்டு சொல்லேலாது. 5 லட்சம் பிராங் வரைக்கும் அரசு பிணையில் வட்டியில்லாக் கடன், அதுவும் சில நாளில். ஆனால் கடன் கடன்தானே. 2023இல் அதற்கு ஒண்டரை வீத வட்டி வந்தது. 2025 ஜனவரி 1இல் இருந்து இன்னொரு மாற்றம்: வரி, ஏ.எச்.வி. பாக்கி வைத்த கொம்பனியை முந்தி மாதிரிப் பொருள் பறிமுதலோட விடாமல், நேரே வங்குரோத்துக்குக் கொண்டுபோகலாம். இழுத்துப் பறித்து ஓடின கடைகள் இப்ப விலைக்கு வாறதுக்கு இதுவும் ஒரு காரணம். கொரோனா நேரம் வேறு தொழிலுக்குப் போன வேலையாட்களும் எல்லாரும் திரும்பி வரவில்லை.

விளம்பரத்தில் 'கொடுக்கப்படும்' எண்டு ஒரு சொல்லுத்தான் இருக்கும். என்னத்தைக் கொடுக்கினம் எண்டதுதான் கேள்வி. மீற்ற எண்டால் வெறும் இடத்துக்கு வாடகை. பக்ற் எண்டால் அடுப்பு, மேசை, ஓடுற வியாபாரம் எல்லாம் சேர்த்துக் குத்தகை. ஊரில் தோட்டக்காணி குத்தகைக்கு எடுத்தவருக்கு இந்த வித்தியாசம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மூன்றாவது, ஜி.எம்.பி.எச். கொம்பனியையே வாங்குறது. மலிவாகத் தெரியிறது பெரும்பாலும் இதுதான். மலிவுக்குக் காரணமும் உள்ளே இருக்கும். கொம்பனியை வாங்கினால் அதின் கொரோனாக் கடன், வரிப் பாக்கி எல்லாம் அதோடயே வரும். கொம்பனியை வாங்காமல் ஓடுற கடையை மட்டும் எடுத்தாலும் வேலையாட்கள் கூடவே வருவினம், அவையின் நிலுவைச் சம்பளத்துக்குப் பழைய முதலாளியோட சேர்ந்து நீங்களும் பொறுப்பு. பியர் கொம்பனி தந்த கடன் இருந்தால், இத்தனை வருசம் அவையின் பியர்தான் விற்கவேணும் எண்ட ஒப்பந்தமும் இருக்கும்.

அண்ணைக்குக் காட்டின கடையில் 'இன்வென்ரார்' எண்டு கேட்ட தொகையைப் பார்த்து நான் குளிரறையைத் திறந்து பார்த்தன். மோட்டர் என்ர வயது. விற்கிறவரிடம் கடன் பதிவேட்டுச் சாறு கேட்டோம். 17 பிராங் தான் செலவு. "பிறகு தாறன்" எண்டார்.

காசு எங்கே இருந்து வரும் எண்டதில்தான் எனக்கு நித்திரை வரவில்லை. எங்கட ஆட்களுக்கு நகை, சீட்டு, அதுக்குப் பிறகு இரண்டாம் தூண். சொந்தமாகத் தொழில் தொடங்குறவர் அந்தப் பென்சன் காசை எடுக்கலாம். ஆனால் தனி ஆளின் பெயரில் நடத்துற தொழிலுக்கு மட்டும், ஜி.எம்.பி.எச். போட்டால் நீங்கள் உங்கட கொம்பனியின் சம்பளக்காரர், எடுக்கேலாது. தனி ஆளாக நடத்தினாலோ கடை விழுந்தால் வீடு, கார், சேமிப்பு எல்லாம் கடன்காரருக்கு. அறுபதை நெருங்கிற மனுசன் முப்பது வருசம் குசினியில் நிண்டு சேர்த்த காசு, எந்தப் பாதுகாப்பும் இல்லாத வழிக்குத்தான் வெளியில் வரும். நான் இந்தச் சட்டத்தைக் குறை சொல்லவில்லை, ஆனால் இதைப் பிள்ளையள்தான் அப்பாமாருக்கு மேசையில் வைத்துச் சொல்லவேணும். வங்கி சொல்லாது, விற்கிறவர் சொல்லவே மாட்டார்.

கடை வேண்டாம் எண்டும் நான் சொல்லவில்லை. சமைக்கத் தெரிந்த, விடியப்புறம் எழும்பிற ஒருத்தருக்கு இப்ப வாடகை பேசிக் குறைக்க இடமிருக்குது. பூட்டிக் கிடக்கிற கடையால் வீட்டுக்காரருக்கும் நட்டம்தானே. எடுத்துச் செல்லுற சாப்பாட்டுக்கு 2.6 வீதமும் இருந்து சாப்பிட்டால் 8.1 வீதமும் வரி. கொத்துரொட்டிப் பெட்டியில் கணக்குச் சரிவரலாம். மூன்று வருசக் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கோ. வாடகை ஒப்பந்தத்தை உங்கட பெயருக்கு மாற்ற வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஒரு பிராங்கும் கொடுக்காதேங்கோ.

பென்சன் காசு எடுக்கிற பத்திரத்தில் மனைவியின் கையெழுத்தும் வேணும், சட்டம் அப்படி. திரும்பி வாற ரயிலில் அதை அக்காவுக்கு ரெலிபோனில் விளங்கப்படுத்தினன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. "கையெழுத்துக் கிடக்கட்டும்," எண்டா. "முதல்ல நான் ஒரு கிழமை அங்க போய், மத்தியானம் எத்தனை பேர் வந்து சாப்பிடினம் எண்டு எண்ணிப் பாக்கிறன்."