வருகிற சீசனில் நம் கூடைப்பந்து அணி தேறுமா?

ஹாஸ்டல் மெஸ்ஸில் தினமும் ஓடுகிற விவாதம் இது.

முதலில் பாதகம். டிப்ளமோ மூன்றே வருடம். ஆட்டம் பிடிபடும்போது டி.சி. கைக்கு வந்துவிடுகிறது. முதல் ஐவரில் மூன்று அண்ணன்கள் இந்த ஏப்ரலோடு போகிறார்கள். வளையமோ 3.05 மீட்டர் உயரத்தில். மிச்சமிருப்பவர்களில் ஆறடி தாண்டியவர் ஒருவர்தான். அவரும் ஐந்து ஃபவுல் வாங்கி வெளியேறினால் ரீபவுண்டெல்லாம் எதிரணிக்கே.

சாதகமும் உண்டு. உயரமில்லாத அணிக்கு வேகம்தான் சொத்து. 8 நொடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்டணும், 24 நொடிக்குள் ஷாட் போடணும் என்பது விதி. கோர்ட் முழுக்க நெருக்கிப் பிடித்தால் எதிரணி தடுமாறும். அதற்கு 40 நிமிடமும் மூச்சு தாங்க வேண்டும். ஃப்ரீ த்ரோவுக்கோ உயரமே வேண்டாம். குறுக்கே கை நீட்ட ஆளில்லை, பயிற்சிதான் கணக்கு.

"பந்து சோறு போடுமாப்பா?" என்று அம்மா கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான், கேள்வி நியாயம்தான். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கு என்றேன். "அப்படின்னா பெயிலாகாம ஆடு"ன்னு சொல்லிட்டாங்க.

என் கணிப்பு: கோப்பை கஷ்டம், அரையிறுதி கைக்கெட்டும் தூரம். ஆனால் காலை ஐந்தரைக்கு கிரவுண்டில் ஆள் வேண்டும். முதலாண்டுத் தம்பிகளே, உயரத்தை அளந்து பார்த்துத் தயங்காதீர்கள். வாருங்கள்!